மாட்டுக்கு வழிவிட்ட நான்கு நாள்: மா டா ஹே தடமும் ஒரு வாடகைச் சைக்கிளும்

முதலில் மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன். தடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதில் ஓட்டுவதற்காக நாங்கள் வாடகைக்கு எடுத்த சைக்கிள்களுக்கும், கூடவே வந்த சேவைக்கும் ஐந்துக்கு இரண்டரை. அந்த அரையும் வேன் ஓட்டிவந்த பையனின் நல்ல குணத்துக்காக. ஓர் எவர்சில்வர் டம்ளருக்கும் ஸ்பூனுக்கும் ஐந்துக்கு ஆறு. அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மா டா ஹே தடம் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. 144 மைல், அதாவது ஏறத்தாழ 232 கிலோமீட்டர். 1999-இல் திறந்தபோது 96 மைல்தான் இருந்தது. பிறகு தெற்கே நீட்டினார்கள். மோட்டார் வைத்த எதற்கும் அனுமதி கிடையாது. நடக்கலாம், குதிரையில் போகலாம், மலைச் சைக்கிள் ஓட்டலாம். பெயர் மண்டான் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. நெடுங்காலம் இருந்துவருகிற, இனியும் இருக்கப்போகிற இடம் என்று பொருள் சொல்கிறார்கள். வழிகாட்டிக் கம்பங்களில் ஆமைச் சின்னத்தைப் பொறித்திருக்கிறார்கள். முதல் நாள் மாலை நாங்கள் போன வேகத்துக்கு அந்த ஆமை எங்களைப் பார்த்துப் பொறித்ததுபோல்தான் இருந்தது.

தடம் போகிற நிலத்தின் பெயர் லிட்டில் மிசூரி தேசியப் புல்வெளி. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். 'தேசிய' என்றதும் வேலி போட்டுப் பாதுகாக்கும் பூங்கா என்று நினைத்துவிடாதீர்கள். இது மாடு மேய்கிற நிலம். அரசு இலவசமாகக் கொடுத்த நிலத்தில் உழுது பார்த்த குடியானவர்கள் 1930-களின் வறட்சியில் நொடித்துப்போனார்கள். அவர்களிடமிருந்து அரசே நிலத்தைத் திரும்ப வாங்கிப் புல் விதைத்தது. 1937-இல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1960-இல் தேசியப் புல்வெளி என்று பெயர் வைத்தார்கள். இன்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கட்டணம் செலுத்தி மாடுகளை மேய விடுகிறார்கள். வேலி அவர்களுடையது, தொட்டித் தண்ணீர் அவர்களுடையது, வழியில் படுத்திருக்கும் மாடும் அவர்களுடையது. சைக்கிள்காரர் நடுவில் புகுந்து போகிறவர். இது மனத்தில் பதியாதவர்கள் இந்தத் தடத்துக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிறார்கள். "மாடுகள் வழியை மறித்தன" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டதை நான் படித்திருக்கிறேன். அவர் மாட்டின் சாப்பாட்டு மேசையில் சைக்கிள் ஓட்டிவிட்டு மாட்டைக் குறை சொல்கிறார்.

எனக்கு வயது 49. இருப்பது இதே மாநிலத்தின் கிழக்குக் கோடியிலுள்ள ஃபார்கோவில். அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தார். விடுமுறை நாட்களில் அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டில் கொட்டிலாகப் போன பெண் நான். அதனால் மாடு என்றால் பயமில்லை, மரியாதை உண்டு. உடன் வந்தவன் என் தம்பி, சிகாகோவில் வேலை. அவனுக்கு சைக்கிள் நன்றாகத் தெரியும், மாடு தெரியாது. எனக்கு நேர்மாறு. இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும்.

சேவைக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சண்டை போட நேரமில்லை. ஆனால் யாரிடம் ஏற்பாடு செய்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இதிலிருந்து கிடைக்கும். இரண்டு சைக்கிள், நான்கு நாள் வாடகை, தடத்தின் வடமுனைக்குக் கொண்டுவந்து கொடுப்பது, நாங்கள் போவதற்கு முன்பே வழியில் இரண்டு இடங்களில் குடிதண்ணீர் வைப்பது, கூடாரமும் படுக்கையும் அடங்கிய மூட்டையை முகாமுக்கு முகாம் கொண்டுபோவது, கடைசியில் எங்களை எங்கள் கார் நிற்கும் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவிடுவது. எல்லாம் சேர்த்து இருவருக்கும் 1,180 டாலர்.

வடமுனையில் சி.சி.சி. என்ற பெயருடைய முகாம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு சைக்கிள் வரும் என்றார்கள். முந்தைய இரவு வாட்ஃபர்ட் சிட்டியில் தங்கி, ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றோம். ஏழேகால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று. ஆற்றோரத்துக் கொசுக்கள் எங்களை வரவேற்றன, சைக்கிள் வரவில்லை. எட்டு மணிக்கு வேன் வந்தது. பையன் சிரித்த முகத்தோடு இறங்கி, "சரியாக ஏழு" என்றான். சொன்னது பொய்யில்லை. இந்த மாநிலத்தில் இரண்டு நேரங்கள் ஓடுகின்றன. நாங்கள் தங்கிய வாட்ஃபர்ட் சிட்டி மத்திய நேரத்தில் இருக்கிறது. தெற்கே மெடோரா ஊர் மலை நேரத்தில், ஒரு மணி நேரம் பின்னால். இங்கே வாராவாரம் ஆட்களைக் கொண்டுவிடுகிற நிறுவனம் இதை ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம் அல்லவா? முதல் கேள்வி: ஏழு என்றால் யாருடைய ஏழு?

சைக்கிள்கள் பார்க்க அழகாக இருந்தன. 29 அங்குலச் சக்கரம், 12 கியர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கை தானாகக் கீழிறங்கும் வசதி. தம்பி குழந்தைபோல அந்தப் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தான். டியூப் இல்லாத டயர்கள். முள் குத்தினால் உள்ளே இருக்கும் திரவம் ஓடிவந்து ஓட்டையை அடைத்துவிடும். அடைக்க வேண்டும். இந்தப் புல்வெளியில் சப்பாத்திக் கள்ளி தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது. மூன்றாவது மைலிலேயே என் பின்சக்கரத்தில் முள் ஏறியது. திரவம் வரவில்லை. டயரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காய்ந்துபோன பால் ஆடைபோல ஒரு படலம் சுருண்டு கிடந்தது. போன பருவத்தில் ஊற்றியதாக இருக்கும். தம்பி பையில் ஒரு சிறு புட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். இரண்டாவது கேள்வி: திரவத்தை எப்போது மாற்றினீர்கள்? கேட்பதோடு நிறுத்தாமல் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சலசலவென்று கேட்க வேண்டும்.

இவ்வளவு வசதியுள்ள சைக்கிளில் இரண்டு டாலர் மணி ஒன்று இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முதல் நாள் மதியம் பென்னெட் முகாமைத் தாண்டி, ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓர் இறக்கம். மண் காய்ந்து, வழவழவென்று, சத்தமே இல்லாத பாதை. தம்பி முன்னால் போனான். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கருப்பு ஆங்கஸ் மாடுகள், கன்றுகளோடு. தம்பி அவற்றுக்கு நடுவில் போய் விழாத குறை. பன்னிரண்டும் ஒரே துள்ளலில் எழுந்து, பக்கத்தில் அத்தனை ஏக்கர் காலியாகக் கிடக்க, தடத்திலேயே எங்களுக்கு முன்னால் ஓடத் தொடங்கின. பிரேக் பிடித்து நின்றோம். நின்றும் பயனில்லை. வேலி வரை ஓடி முட்டிக்கொண்டு நின்றன. ஒரு கன்று பதற்றத்தில் கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. தாய் இந்தப் பக்கம் நின்று கத்தியது. கன்று அந்தப் பக்கம் நின்று கத்தியது.

நாங்கள் அங்கிருந்து விலகி, ஒரு மேட்டுக்குப் பின்னால் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாம் கண்ணில் படாவிட்டால்தான் கன்று திரும்பும். திரும்பியது. அதுவரை தம்பி பேசவில்லை. மாட்டை ஓடவிட்டால் அதன் உடம்பு குறையும். பண்ணைக்காரருக்கு அது பணம். நாம் பொழுதுபோக்க வந்த இடத்தில் ஒருவருடைய பிழைப்பை ஓடவிட்டிருக்கிறோம் என்ற கூச்சம் எனக்கு.

அன்று மாலை முகாமில் குதிரைகளோடு வந்த ஒரு பெரியவர் இருந்தார். இங்கே முகாம்களில் குதிரை கட்டுவதற்கென்றே குறுக்குக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னோம். "குதிரையில் வந்தால் தரையதிர்வு முன்னாலேயே போய்ச் சொல்லிவிடும். முதுகைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், வேகமாக வருவது எது?" என்று கேட்டார். எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. "மலைச் சிங்கம்" என்றார். பூமாவைத்தான் சொன்னார், இந்தக் கரடுமுரடான மேட்டுநிலத்தில் அவை உண்டு.

அந்த இரவுதான் டம்ளர் பிறந்தது. காபி குடிக்க நான் கொண்டுபோயிருந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, ஹேண்டில்பாருக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு ஸ்பூனைத் தொங்கவிட்டேன். சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் டணடணவென்று அடித்தது. ஊரில் மாட்டுக்கு மணி கட்டுவார்கள். இங்கே மாடு நிம்மதியாக இருப்பதற்காக எனக்கு நானே மணி கட்டிக்கொண்டேன். தம்பி சிரித்தான். மறுநாள் முதல் மந்தையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். இருநூறு அடி தூரத்திலேயே எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. காதுகள் முன்னால் வந்தன. பார்த்துவிட்டு, "அட, இதுதானா" என்பதுபோல மறுபடியும் புல்லுக்குக் குனிந்தன. நாங்கள் மெதுவாக, பேசிக்கொண்டே, ஓரமாகப் போனோம். ஒன்று மட்டும் எழுந்து நின்று எங்களை வழியனுப்பியது.

எல்லா மாடும் அப்படி இருக்காது. இரண்டாம் நாள் காலை, சரிவின் இடுப்பில் வெட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் செங்குத்தான களிமண் சுவர், மறு பக்கம் பள்ளம். நடுவில் ஒரு பசு. காதில் மஞ்சள் அட்டை, எண் 412. அதன் வயிற்றுக்குக் கீழே கன்று முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது, வாயோரத்தில் நுரை.

"அக்கா, திரும்பிப் போய்விடலாமா?"

"நில். சைக்கிளை உனக்கும் மாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொள். கண்ணைப் பார்க்காதே."

மாடு எங்களைப் பார்த்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தியது. மூக்குத் துளைகள் விரிந்தன. ஈரமான மூக்கில் ஒரு புல் ஒட்டிக்கொண்டிருந்தது; ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் புல் எழுந்து எழுந்து விழுந்தது. ஒரு காது எங்கள் மேல், இன்னொரு காது கன்றின் மேல். அப்பா சொல்வார், மாட்டின் முன்தோள்தான் ஸ்டியரிங் என்று. தோளுக்கு முன்னால் நீ நின்றால் மாடு பின்வாங்கும், தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும். இந்த இடத்தில் அது பின்வாங்க இடமில்லை, பின்னால் கன்று. நாங்கள் தோளுக்குப் பின்னால் போகவும் வழியில்லை. ஆகவே செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் நிற்பது. பத்தடி பின்னால் நகர்ந்து, நான் தமிழிலேயே பேசத் தொடங்கினேன். "சாப்பிடட்டும், சாப்பிடட்டும். அவசரமில்லை. நாங்கள் நிற்கிறோம்." என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, குரல் ஏறாமல் இருக்க வேண்டும். ஸ்பூன் அடிக்காதபடி டம்ளரைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

இருபத்தைந்து நிமிடம் நின்றோம். கன்று ஒரு காம்பை விட்டு இன்னொரு காம்புக்குப் போனது. பிறகு அலுத்துப்போய் வெளியே வந்து, என் முன்சக்கரத்தை முகர்ந்து பார்க்கும் எண்ணத்தோடு இரண்டடி வைத்தது. தாய் தொண்டைக்குள்ளேயே ஒரு குரல் கொடுத்தது, ம்ம் என்று. கன்று நின்றுவிட்டது. பிறகு தாய் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி, பாதை முழுவதும் சாணம் போட்டுவிட்டு, நாங்கள் போக வேண்டிய திசையிலேயே ஆடி அசைந்து நடந்தது. அடுத்த வளைவு வரை அதன் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம்.

காளையைப் பற்றி ஒரு சொல். ஜூன் மாதம் காளைகளை மந்தையோடு சேர்த்துவிடுகிறார்கள். இந்த ஊர்க் காளைக்குத் திமில் கிடையாது. திமிலை வைத்து அடையாளம் காணப் பழகிய நம் கண் ஏமாந்துபோகும். கழுத்தின் பருமனைப் பாருங்கள். காளை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றால்கூட அவ்வளவு கவலையில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை வளைத்து, தன் அகலத்தை உங்களுக்குக் காட்டினால், அது எச்சரிக்கை. நாங்கள் ஒன்றைச் சுற்றிக்கொண்டு அரை மைல் புல்லுக்குள் போனோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடாமல், சாய்வாக விலகிப் போக வேண்டும்.

தடத்தின் கேட்டுகளுக்குத் தனியாக ஒரு பாராட்டு. மேய்ச்சல் நிலங்கள் வேலியால் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு வேலியிலும் தடத்துக்கென்று ஒரு சிறு கேட். தள்ளினால் திறக்கிறது, விட்டால் தானாகவே வந்து மூடிக்கொள்கிறது. தாழ் விழுந்ததா என்று ஒரு முறை கையால் ஆட்டிப் பார்ப்பது நம் வேலை. ஜல்லிச் சாலைகளில் வேறு ஏற்பாடு: குழி வெட்டி, மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். மாடு கால் வைக்காது. சைக்கிள் போகும், நேராகப் போனால். தம்பி சாய்வாகப் போய்ச் சறுக்கி விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

வேலிகளில் இன்னொன்றைக் கவனித்தேன். பல இடங்களில் கீழ்க்கம்பி மட்டும் முள் இல்லாத வெறுங்கம்பி, தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டியது. இது பிராங்ஹார்ன்களுக்காக. மானைப்போல் தெரிந்தாலும் மான் இனமில்லை. மணிக்கு 55 மைல் வேகத்தை எட்டும் பிராணி. அவ்வளவு வேகம் ஓடுகிற அது வேலியைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. அடியில் குனிந்து ஊர்கிறது. ஒரு பெண் பிராங்ஹார்ன் முன்கால்களை மடித்து, முதுகு கம்பியில் உரசாமல் நுழைந்து, அந்தப் பக்கம் எழுந்ததும் மறுபடி காற்றாய்ப் போனதை மூன்றாம் நாள் பார்த்தேன். மாட்டுப் பண்ணை வேலியில் காட்டு விலங்குக்கு ஒரு கம்பி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மழையைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. மேக்பை முகாமில் இரவு மழை பெய்தது. பெரிய மழையில்லை, ஒன்றரை மணி நேரம். காலையில் தம்பி, "ஈரம்தானே, ஓட்டிவிடலாம்" என்றான். இருபது அடி போனான். இந்த மண்ணில் பெண்டோனைட் களிமண் இருக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பும். உள்ளூரில் கம்போ என்கிறார்கள். டயரில் ஒட்டி, அதன்மேல் இன்னும் ஒட்டி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. தள்ளவும் முடியவில்லை. தூக்கினான்; செருப்புக் கடையில் தொங்கும் மாதிரிச் செருப்பைப்போல அவன் காலணிகள் இரண்டு மடங்காகியிருந்தன. மறுபடி முகாமுக்கு வந்து, குச்சியால் ஒன்றரை மணி நேரம் சுரண்டினோம். ஈர மண்ணில் ஓட்டினால் தடத்தில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, காய்ந்ததும் அப்படியே இறுகிவிடும். பின்னால் வருகிறவருக்கு அது தண்டனை. ஆகவே காத்திருப்பதுதான் வழி. வெயிலும் காற்றும் சேர்ந்து பிற்பகல் இரண்டுக்குள் காயவைத்துவிட்டன. ஒரு விதிவிலக்கு: செந்நிறக் கல் பரவிய பகுதிகள். நிலத்தடி நிலக்கரி எரிந்து, மேலிருந்த களிமண்ணைச் செங்கல்போலச் சுட்டுவிட்ட இடங்கள் அவை. மழையிலும் காலை வாருவதில்லை. திட்டமிடும்போது ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிறுவனம் அதையும் சொல்லவில்லை.

மேக்பைக்குப் பிறகு டெவில்ஸ் பாஸ் வருகிறது: இரு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு முதுகெலும்பு. எல்லாரும் படம் எடுக்கும் இடம். நாங்களும் எடுத்தோம். இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன், வெட்கமில்லை.

அதன் பிறகு லிட்டில் மிசூரி ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. கிளம்புவதற்கு முன்பு மெடோராவில் உள்ள நீர்மட்ட அளவியின் கணக்கை இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. எங்களுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர், அடியில் கால் புதையும் சேறு. கரையேறியதும் டம்ளருக்குள் ஆற்று மணல்.

மறுகரையில் எல்க்ஹார்ன் பண்ணை இருந்த இடம். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் 1883-இல் காட்டெருமை வேட்டைக்கு என்று இந்தப் பக்கம் வந்தவர். 1884-இல் மனைவியும் தாயும் ஒரே நாளில் இறந்த பிறகு, திரும்பி வந்து இங்கே மாடு வளர்த்தார். இப்போது வீடு இல்லை. அடித்தளக் கற்களும் காட்டன்வுட் மரங்களும்தான். 1886-87 குளிர்காலத்தில் இந்த வட்டாரத்து மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவருடைய மந்தையும் தப்பவில்லை. அளவுக்கு மேல் மாடுகளை விட்டு, கோடையில் புல் தீர்ந்துபோய், பிறகு பனி வந்து மூடியதன் விளைவு. இன்று எந்த நிலத்தில் எத்தனை மாடு, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு மேய்ப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவது கொஞ்சம் தொண்டையில் சிக்கியது.

இந்த இடத்துக்குச் சற்றுத் தெற்கேதான் டம்ளர் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. வெயில் ஏறிய நேரம். ஸ்பூன் கிலுகிலுவென்று அடித்துக்கொண்டே வந்தது. தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். சைக்கிள் நின்றது, சத்தம் நிற்கவில்லை. இரண்டு விநாடி எனக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கீழே பார்த்தேன். தடத்தின் ஓரத்தில், சேஜ் புதரின் நிழலில், மண் நிறத்தில் சுருண்டு கிடந்தது கிலுகிலுப்பைப் பாம்பு. என் இடது காலுக்கும் அதற்கும் ஐந்தடி இருக்கும். வால் நுனி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்ந்தது. சைக்கிளை அப்படியே பின்னால் உருட்டினேன். தம்பி தூரத்திலிருந்து, "என்ன அக்கா, மணி தனியாக அடிக்கிறதா?" என்று கேட்டான். அதன் பிறகு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முதலில் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன், காது கொடுத்தேன், பிறகே காலை ஊன்றினேன்.

தண்ணீர் விஷயம். முகாம்களில் அடிகுழாய் இருக்கிறது. இடைப்பட்ட தூரங்களில் தண்ணீரை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். பெயரும் தேதியும் எழுதி வைப்பது வழக்கம். எங்களுக்கு ஒரு பெட்டியில் நான்கு கேலன் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்தால் இரண்டு, அதிலும் பெயர் இல்லை. எங்களுடையதுதானா, வேறு யாருடையதோ என்று தெரியாமல் அந்த வெயிலில் நின்றோம். அடுத்தவர் தண்ணீரை எடுத்தால் அவர் என்ன செய்வார்? கடைசியில் ஒரு கேலன் மட்டும் எடுத்துக்கொண்டு, தாகத்தைச் சமாளித்துக்கொண்டு போனோம். பிறகு பையனிடம் கேட்டால், "ஆமாம், மீதி இரண்டை வேனிலேயே மறந்துவிட்டேன், பெயர் எழுதவும் பேனா இல்லை" என்றான். பொய் சொல்லாத பிள்ளை. அந்த அரை மதிப்பெண் இதற்குத்தான்.

தண்ணீர்ப் புட்டியைச் சட்டத்தில் திறந்தபடி மாட்டாதீர்கள். சக்கரம் தூக்கியடிக்கும் சாணம் நேராக அதன் வாயில் போய் உட்காருகிறது. 2007-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஒரு மலைச் சைக்கிள் போட்டியில், சேற்றிலிருந்த கேம்பைலோபாக்டர் கிருமியால் 200-க்கும் மேற்பட்ட போட்டியாளர்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான் புட்டியின் வாய்க்கு பிளாஸ்டிக் உறையை ரப்பர் வளையத்தால் கட்டிவைத்தேன். தம்பி முதுகுப்பையில் குழாய் வைத்துக் குடித்தான்; அவன் வழிதான் மேல்.

கடைசி நாள் வன்னகன் முகாமிலிருந்து தெற்கே. மா டா ஹே தடம் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. அங்கே தடங்களில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள்காரர்களுக்கென்று பஃபலோ கேப் என்ற சுற்றுத்தடம் இருக்கிறது, 19 மைல். வழியில் பிரெய்ரி நாய்களின் ஊர் ஒன்று. நாய் என்பது பெயரில்தான். அணில் குடும்பத்துப் பிராணி. வளை வாசலில் நிமிர்ந்து நின்று, டம்ளர் சத்தம் கேட்டதும் ஒன்று குரைக்க, அது வாசல் வாசலாகப் பரவி, நாங்கள் போகும் திசையெங்கும் செய்தி எங்களுக்கு முன்னால் போனது. காட்டெருமை பூங்காவுக்குள்தான், எட்டத்தில் கரும்புள்ளிகளாகப் பார்த்தோம். பூங்காக்காரர்கள் குறைந்தது 25 கெஜம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். 412-ஆம் எண் பசுவைப் பார்த்த பிறகு எனக்கு அது போதாது என்று படுகிறது.

மெடோராவில் வேன் காத்திருந்தது. இந்த முறை நேரத்தைப் பற்றி இருவரும் இரண்டு முறை பேசி உறுதிசெய்திருந்தோம். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி நேரில் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாணம் கழுவ 40 டாலர் என்றார். மாடு மேயும் தடத்துக்கு வாடகைக்கு விடும் சைக்கிளில் சாணம் இருக்காமல் சந்தனமா இருக்கும்? காய்ந்த டயர் திரவத்தையும் காணாமல்போன இரண்டு கேலனையும் எடுத்துச் சொன்னேன். அந்த 40 டாலர் பேச்சை விட்டுவிட்டார்.

பிறகு ஹேண்டில்பாரில் விரலை வைத்து, "இங்கே ஒரு கீறல்" என்றார். டம்ளர் விளிம்பு உரசிய இடம். அதற்குப் பதினைந்து டாலர். அதை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். கயிற்றை அவிழ்த்தபோது பையன், "அதை விட்டுவிட்டுப் போகிறீர்களா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்" என்று கேட்டான்.

"இரண்டு டாலருக்கு மணி வாங்கி மாட்டச் சொல்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.